வேலை செய்யற எடத்துல சூடு: எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதில்களும்

சூப்பர்வைசருங்க, சின்ன யூனிட் நடத்துறவங்க, வேலை பாக்குறவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறதை ஒரே எடத்துல போட்டிருக்கேன். எது வேணுமோ அதுக்கு நேரா போயிக்கலாம், ஆனா ஆள் மயங்கி விழுந்தா என்ன பண்றதுங்கற கேள்விய மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

நாங்க நிழல்லதான் வேலை பாக்குறோம், எங்களுக்கு என்ன வரப்போகுது?

சூடு வெயில்லேர்ந்து மட்டும்தான் வருதுன்னு நெனைக்கறதுதான் மொத சிக்கல். ஒடம்பும் சூட்டை உண்டாக்கிட்டே இருக்கு. தசை செலவழிக்கற சக்தில கால்வாசி போலதான் வேலையா மாறும், மிச்சமெல்லாம் சூடா ஒடம்புக்குள்ளயே தங்கும். சும்மா உக்காந்திருந்தா கிட்டத்தட்ட 100 வாட், மூட்டை தூக்குறது மண்வெட்டி போடறது மாதிரி வேலைன்னா 400 வாட்டுக்கு மேல. இதை வெளிய தள்ளிட்டே இருந்தாதான் உள்சூடு 37 டிகிரி பக்கத்துல நிக்கும். சுத்தி இருக்கற காத்து 35 டிகிரியத் தொட்டுடுச்சுன்னா தோலோட சூடும் காத்தோட சூடும் ஒண்ணாயிடுது, அப்ப காத்துக்கு சூட்டைக் குடுத்து தப்பிக்கற வழி அடைபட்டுடும், மிச்சம் இருக்கறது வேர்வை மட்டும்தான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி சூட்ட எடுத்துட்டுப் போகும், ஆனா ஆவியானாதான், சொட்டு சொட்டா கீழ விழுந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. பாய்லர் ரூம், பேக்கரி, லாண்டரி, காத்தே இல்லாத குடோன் இதெல்லாம் நிழல்தான், அங்கயும் ஆள் விழுவாங்க.

தெர்மாமீட்டர் 34தான் காட்டுது, அதுக்கே ஏன் இவ்ளோ கஷ்டமா இருக்கு?

ஏன்னா அது காத்தோட சூட்டை மட்டும்தான் சொல்லுது. காத்துல ஈரம் எவ்ளோ, கூரை இல்ல மெஷின் எவ்ளோ அனலை வீசுது, காத்து ஓடுதா, என்ன துணி போட்டிருக்கீங்க, எவ்ளோ கஷ்டமான வேலைங்கறது எல்லாம் சேந்துதான் ஒடம்புக்குத் தெரியற சூடு. அதனாலதான் வேலையிடத்துக்கு டபிள்யூபிஜிடின்னு (வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்) வேற ஒரு அளவு வெச்சிருக்காங்க. 1950கள்ல அமெரிக்க மரைன் பயிற்சி முகாம்ல புது ஆளுங்க சூட்டுல விழுந்துட்டே இருந்ததால கண்டுபிடிச்சது, இன்னிக்கு ஐஎஸ்ஓங்கற சர்வதேச தர அமைப்போட 7243ஆம் தரமே இதை வெச்சுதான். ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டர் அளவுக்கு 70 சதவீதம், அனலைக் காட்டற, கறுப்பு உருண்டைக்குள்ள இருக்கற தெர்மாமீட்டருக்கு 20, சாதாரண காத்து அளவுக்கு 10னு கூட்டிப்பாங்க (வெயில் படாத எடத்துல 70, 30). ஈரத்துக்கு அவ்ளோ வெயிட் குடுத்திருக்காங்க பாருங்க, வேர்வை ஆவியாகுறதுதான் விஷயமேங்கறதால.

அந்த தரப்படி சூட்டுக்குப் பழகுன ஆள் நடுத்தரமான வேலைய தொடர்ந்து செய்ய 28 வரைக்கும், கஷ்டமான வேலைன்னா 26 வரைக்கும்தான். பழகாத ஆளுக்கு கஷ்டமான வேலைன்னா 23தான். அதைத் தாண்டுனா வேலைய நிறுத்தியே ஆகணும்னு அர்த்தம் இல்ல, ரெஸ்ட் கூட்டணும், வேகம் குறைக்கணும், ஏதாவது செஞ்சே ஆகணும்னு அர்த்தம். இன்னொண்ணு, இந்த 28ஐ வெதர் ஆப்ல வர்ற 28ஓட குழப்பிக்காதீங்க, ரெண்டும் வேற வேற.

டபிள்யூபிஜிடி மீட்டர் வாங்க வழியில்லன்னா?

வெதர் ஆப்ல "ஃபீல்ஸ் லைக்"னு வர்ற நம்பரைப் பாருங்க, அது ஈரத்தையும் கணக்குல எடுத்துக்கும். ஆனா அந்த ஹீட் இண்டெக்ஸ் கணக்கு நிழல்ல இருக்கறவங்களுக்கு போட்டது, நேரா வெயில்ல நின்னா 8 டிகிரி வரைக்கும் கூடலாம். உள்ள பாய்லர் ஓடற எடத்துக்கு ஆப் உதவவே உதவாது. அங்க ஆளுங்களத்தான் பாக்கணும்: பேச்சு குறையுதா, தப்பு ஜாஸ்தியாகுதா, சட்டை நனைஞ்சு காயவே மாட்டேங்குதா.

புதுசா சேந்தவங்களுக்கு தனியா ஏதாவது பண்ணணுமா?

இதுல ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்கன்னுதான் சொல்லுவேன். அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா சொல்றபடி வெளிவேலைல சூட்டுனால சாகுறவங்கள்ல 50லேர்ந்து 70 சதவீதம் பேர் வேலைல சேந்த மொத சில நாள்லயே சாகறாங்க. புது ஆள் வேற நல்ல பேர் வாங்கணும்னு பழைய ஆளுங்களுக்கு ஈடா ஓடுவாங்க, தலை சுத்துனாலும் சொல்ல மாட்டாங்க.

ஒடம்பு சூட்டுக்குப் பழக 7லேர்ந்து 14 நாள் ஆகும். அந்த நாள்ல வேர்வை சீக்கிரமா வர ஆரம்பிக்கும், நெறைய வரும், அதுல உப்பு கம்மியா போகும், ரத்தத்தோட அளவு கூடும், அதே வேலைக்கு இதயம் கம்மியா துடிக்கும். நியோஷ்ங்கற அமெரிக்க தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் சொல்ற கணக்கு ரொம்ப சிம்பிள்: புது ஆளுக்கு மொத நாள் 20 சதவீத நேரம்தான் சூட்டுல வேலை, அப்புறம் நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல கூட்டக்கூடாது. ஏற்கனவே அந்த வேலைய செஞ்ச அனுபவம் இருந்து, நடுவுல விட்டுட்டு வர்றவங்கன்னா 50, 60, 80, நாலாவது நாள் 100. மிச்ச நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பி சம்பளத்த வெட்டுங்கன்னு சொல்லல, குளிர்ச்சியான எடத்துல வேற வேலை குடுங்க.

ஒரு வாரம் லீவுல போனாலே இந்தப் பழக்கம் கரைய ஆரம்பிச்சுடும். காய்ச்சல் வந்து படுத்து எழுந்தவங்க, நீள லீவு முடிஞ்சு வர்றவங்க, ஏசி டிபார்ட்மெண்ட்லேர்ந்து மாத்தி வர்றவங்க எல்லாரையும் இப்படி கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்ப பழக்கணும். ரெஸ்ட் நேரத்துல ஏசில உக்காந்தா பழகுனது போயிடும்னு சிலர் சொல்றாங்க, அதெல்லாம் போகாது.

தண்ணி எவ்ளோ குடிக்கணும்?

15-20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், சுமாரா 240 மில்லி. தாகம் எடுக்கட்டும்னு காத்திருந்தா லேட்டு. அதே சமயம் ஒரு மணி நேரத்துல ஒன்றரை லிட்டரைத் தொடற அளவுக்கு போகவேண்டாம், வெறும் தண்ணியா ரொம்ப உள்ள போனா ரத்தத்துல சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாயிடும். தண்ணி ஜில்லுனு இருந்தா ஆளுங்க தானா நெறைய குடிப்பாங்க. எங்க வைக்கறோங்கறதும் முக்கியம், அம்பது அடிக்கு மேல நடந்து போகணும்னா ஒருத்தரும் போகமாட்டாங்க, ஆள் வேலை செய்யற எடத்துக்கே தண்ணி வரணும்.

இதோட டாய்லெட்டையும் பாருங்க, இதை நெறைய பேர் பேசவே மாட்டாங்க. பக்கத்துல சுத்தமான டாய்லெட் இல்லாத எடத்துல பொம்பளைங்க வேணும்னே தண்ணிய குறைச்சுக்கறாங்க. அங்க எத்தனை கேன் வாங்கி அடுக்குனாலும் அது அப்படியேதான் இருக்கும்.

உப்பு மாத்திரை, ஓஆர்எஸ், எனர்ஜி டிரிங்க்?

ஒழுங்கா மூணு வேளை சாப்பிடறவங்களுக்கு சாதாரணமா சாப்பாட்டுல வர்ற உப்பே போதும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாம வேர்த்துக் கொட்டற வேலைன்னா ஓஆர்எஸ் மாதிரி உப்பு சேர்ந்த பானம் நடுநடுவுல குடுக்கலாம். உப்பு மாத்திரை வேண்டாம். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம், காஃபீன் ஏகத்துக்கும் இருக்கும். டீ காபி அளவா குடிச்சா தப்பில்ல. முந்தின நாள் ராத்திரி மது குடிச்சது அடுத்த நாள் மத்தியானம் வேலைய காட்டும்.

ரெஸ்ட் குடுத்துட்டே இருந்தா வேலை எப்படி ஓடும்?

ரெஸ்ட் குடுக்கலன்னாலும் ஓடாது, அதான் உண்மை. சூட்டுல இதயம் ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் ரத்தம் அனுப்பணும், வேலை செய்யற தசைக்கு ஒண்ணு, சூட்ட வெளிய விடறதுக்கு தோலுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் பத்தாதப்ப ஆள் தானா வேகத்தக் குறைச்சுப்பாங்க, குறைக்க விடலன்னா விழுவாங்க. 2025ல உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் சேந்து போட்ட அறிக்கை, டபிள்யூபிஜிடி 20ஐத் தாண்டுனா ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 2லேர்ந்து 3 சதவீதம் இறங்குதுன்னு சொல்லுது. அதாவது நீங்க குடுக்காத ரெஸ்ட்ட ஒடம்பு எப்படியும் எடுத்துக்குது, ஆனா கை வழுக்கறது, கண்ணாடில ஆவி படியறது, கவனம் சிதறறதுன்னு ஆபத்தான முறைல எடுத்துக்குது.

இங்கதான் எனக்கு கோவம் வரும். "வேணும்னா போய் உக்காந்துக்கோங்க, யாரு வேண்டாம்னா"ன்னு சொல்றது ரெஸ்ட் குடுக்கறது இல்ல. பீஸ் ரேட்ல வேலை செய்யறவங்க உக்காந்தா அந்த நேரத்துக்கு காசு போச்சு, டார்கெட் வெச்சு ஓடறவங்க உக்காந்தா திட்டு விழும், அப்புறம் யாரு உக்காருவாங்க? ரெஸ்ட்ங்கறது மணி அடிச்சு எல்லாரும் ஒண்ணா நிறுத்தறதா இருக்கணும், காசு வெட்டாம இருக்கணும், உக்கார எடம் நிழலா காத்தோட்டமா இருக்கணும். போஸ்டர் ஒட்டி "ஜாக்கிரதையா இருங்க"ன்னு சொல்லி பொறுப்ப தொழிலாளி தலைல கட்டறது வேஸ்ட். கஷ்டமான வேலைய காலைல சீக்கிரமா முடிக்கற மாதிரி ஷிப்ட்ட மாத்தறது, ஒரு ஆள் செய்யறத ரெண்டு பேர் மாத்தி மாத்தி செய்யறது, தூக்கறதுக்கு டிராலி குடுக்கறது இதெல்லாம் மேனேஜ்மெண்ட் கைல இருக்கற விஷயம்.

பெரிய ஃபேன் நாலு போட்டிருக்கோம், போதாதா?

காத்து 35 டிகிரிக்கு கீழ இருக்கற வரைக்கும் ஃபேன் நல்லாவே வேலை செய்யும். அதுக்கு மேல போனா ஃபேன் அடிக்கறதே சூடான காத்துதான், அது ஒடம்புக்கு சூட்டக் கொண்டு வரும், ஆனா வேர்வைய சீக்கிரம் ஆவியாக்கவும் செய்யும், எது ஜெயிக்குதுங்கறது ஈரத்தைப் பொறுத்து. தோல் நனைஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் டிகிரி தாங்கும், அதனால ஃபேனோட கையில மொகத்துல தண்ணிய தெளிச்சுக்கறது நல்ல வழி. 40ஐத் தாண்டிட்டா ஃபேனை நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

தகர ஷெட் அடுப்பு மாதிரி கொதிக்குது, மொதல்ல எதைப் பண்றது?

கூரையத்தான். வெயில்ல காஞ்ச தகரம் கீழ இருக்கறவங்க தலைமேல அனலா வீசுது, அதை ஃபேன் ஒண்ணும் பண்ண முடியாது. வெளிப்பக்கம் வெயில திருப்பி அடிக்கற வெள்ளை கோட்டிங் அடிக்கறதுதான் ஈஸியான மொத வேலை, செலவும் மத்ததப் பாக்கறப்ப கம்மி. தூசி படிஞ்சா வேலை செய்யாது, அப்பப்ப கழுவணும். அடுத்தது கூரைக்கு அடில இன்சுலேஷன், இல்ல அலுமினிய ஃபாயில் ஷீட், ஆனா ஃபாயிலுக்கும் தகரத்துக்கும் நடுவுல காத்து இடைவெளி விடணும், ஒட்டி வெச்சா பாதி பிரயோஜனம் போயிடும்.

அப்புறம் காத்து. சூடான காத்து மேல போகும், அதுக்கு உச்சில வழி வேணும், அதே அளவுக்கு கீழேர்ந்து காத்து உள்ள வரவும் வழி வேணும். மேல டர்பைன் வெண்டிலேட்டர வரிசையா மாட்டிட்டு கீழ ஜன்னலயெல்லாம் சாமான் வெச்சு அடைச்சு வெச்சிருப்பாங்க, அப்ப காத்து எங்கேர்ந்து வரும்?

ஃபர்னஸ், பாய்லர் பக்கத்துல நிக்கறவங்களுக்கு?

அங்க அனல் நேர்கோட்டுல வருது, அதனால நடுவுல தடுப்பு வைக்கணும். பளபளப்பான அலுமினியத் தகடு நல்லா திருப்பி அடிக்கும். சூடான பைப்புக்கு லேகிங் (சூடு வெளிய வராம தடுக்கற உறை) சுத்துங்க, நீராவி கசியற எடத்தை அடைங்க (அது சூட்டோட ஈரத்தையும் சேத்து விடுது), சூட்டுக்கு நேர் மேல ஹூட் போட்டு வெளிய இழுங்க. கண்ட்ரோல் பேனலை தள்ளி வெச்சு ஒரு சின்ன குளிர்ச்சியான கேபின்ல உக்காந்து பாக்கற மாதிரி பண்ணிட்டா, மொத்த ஹாலையும் குளிர வைக்கணும்ங்கற கவலையே இல்ல.

ஏர் கூலரா ஏசியா?

காத்து வறண்டு இருந்தா கூலர், கம்மி கரண்ட்ல நல்லா குளுத்தும். ஈரப்பதம் ஜாஸ்தியா இருந்தா கூலர் இன்னும் ஈரத்தைத்தான் சேக்கும், பிசுபிசுன்னு ஆயிடும். கூலர் ஓடும்போது ஜன்னல் திறந்திருக்கணும், ஏசி ஓடும்போது மூடியிருக்கணும், இதை தலைகீழா பண்றவங்க நெறைய பேர். எல்லா எடத்துக்கும் ஏசி போட முடியாதுன்னா ரெஸ்ட் ரூமுக்கு மட்டுமாவது போடுங்க.

ஆபீஸ்ல ஏசி எத்தனைல வைக்கறது? தினமும் சண்டை.

24லேர்ந்து 26, கூட ஒரு ஃபேன் மெதுவா ஓடட்டும். காத்து அசைஞ்சாலே ரெண்டு டிகிரி குறைஞ்ச மாதிரி இருக்கும், அதனால 26லயும் சௌகரியமா இருக்கலாம். 18ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு நெனைக்காதீங்க, சாதாரண ஏசி எதுல வெச்சாலும் ஒரே வேகத்துலதான் குளிர வைக்கும், நிறுத்தற எடம்தான் மாறும். சண்டைக்கு காரணமும் இருக்கு, 2015ல வந்த ஒரு ஆராய்ச்சிப்படி ஆபீஸ் சூட்டுக்கான பழைய கணக்கு 70 கிலோ, 40 வயசு ஆம்பளைய வெச்சுப் போட்டது, பொம்பளைங்க ஒடம்பு உண்டாக்கற சூடு அதைவிட கம்மிங்கறதால அவங்களுக்கு குளிருது. யாரும் நடிக்கல.

மேற்கு பக்க கண்ணாடிக்கு உள்ள திரை போடறதவிட வெளிய மறைப்பு வைக்கறது எவ்வளவோ மேல், ஏன்னா உள்ள திரை வரைக்கும் வந்த வெயில் ஏற்கனவே ரூமுக்குள்ள வந்தாச்சு. அப்புறம், ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, அதே காத்தத்தான் சுத்த விடும், மத்தியானம் எல்லாருக்கும் தூக்கம் வந்தா கொஞ்ச நேரம் ஜன்னலத் திறங்க. ஃபில்டரை கழுவுங்க.

பாதுகாப்பு டிரெஸ் போட்டா இன்னும் வேகுதே, கழட்டிடலாமா?

கழட்டக்கூடாது, அதுக்கு ஏத்த மாதிரி வேலை நேரத்தை குறைக்கணும். ஆவிய வெளிய விடாத மேலங்கி போட்டா டபிள்யூபிஜிடியோட இன்னும் 11 டிகிரி சேத்துதான் கணக்கு பண்ணணும்னு தொழில் சுகாதாரத்துல ஒரு வழக்கம் இருக்கு. பதினொண்ணு! வெளிய 24னா அவங்களுக்கு உள்ள 35 மாதிரி. அந்த டிரெஸ்ல அரை நாள் நிக்க வைக்கறதெல்லாம் நெனச்சே பாக்கக்கூடாது. ஐஸ் பேக் வெச்ச கூலிங் வெஸ்ட் இங்க உதவும், ஆனா ஐஸ் உருகுனப்புறம் அது வெறும் சுமை, மாத்தறதுக்கு இன்னொரு செட் ரெடியா இருக்கணும். தண்ணில நனைச்சுப் போடற வெஸ்ட் மூடுன டிரெஸ்ஸுக்குள்ள வேலைக்கு ஆகாது.

யாரை கூடுதலா கவனிக்கணும்?

வயசானவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, இதய நோய் சர்க்கரை கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, ஏற்கனவே ஒரு தடவை சூட்டுல விழுந்தவங்க, காய்ச்சல் வயித்துப்போக்கோட வேலைக்கு வந்தவங்க. பிரஷருக்கு குடுக்கற நீர் மாத்திரை, பீட்டா பிளாக்கர், சில அலர்ஜி மாத்திரை, சில மனநல மாத்திரை இதெல்லாமும் ஒடம்பு சூட்ட வெளிய விடறத தடுக்கும். மாத்திரைய தானா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட என் வேலை இப்படின்னு சொல்லுங்க. கட்டுமஸ்தான இளவட்டங்களும் விழுவாங்க, அவங்கதான் ஜாஸ்தி வேலை செய்யறாங்க.

ஒருத்தர் மயங்கி விழுந்துட்டா என்ன பண்றது?

மொதல்ல ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்க: புத்தி தெளிவா இருக்கா? பேர் கேளுங்க, எங்க இருக்கோம்னு கேளுங்க. ஒளர்றாங்க, சம்பந்தமில்லாம கோவப்படறாங்க, தள்ளாடறாங்க, வலிப்பு வருது, நெனவே இல்ல, இதுல எது இருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக்னு, அதாவது உள்சூடு எகிறி மூளையத் தாக்கி உயிருக்கே ஆபத்தான நிலைன்னு எடுத்துக்கோங்க. வேர்வை நின்னுருந்தாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு சொல்றத நம்பாதீங்க, வேலை செஞ்சு வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல ஆள் தொப்பலா வேர்த்திருப்பாங்க. அதை நம்பி காத்திருந்து போன உயிர்கள் இருக்கு.

ஒரு ஆள் ஆம்புலன்ஸுக்கு போன் போடட்டும், மத்தவங்க அந்த நிமிஷமே குளிர வைக்க ஆரம்பிக்கணும். உள்சூடு 40ஐத் தாண்டி எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ மூளைக்கும் ஈரலுக்கும் கிட்னிக்கும் கேடு, அரை மணி நேரத்துக்குள்ள இறக்கிட்டா பிழைக்கற வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கும். நிழலுக்குத் தூக்கிட்டு வந்து வெளித்துணிய ஷூவ எல்லாம் கழட்டி, பெரிய டப் கெடைச்சா ஐஸ் தண்ணில கழுத்து வரைக்கும் இறக்குங்க, தலைய ஒருத்தர் பிடிச்சுக்கணும். டப் இல்லயா, ஹோஸ் பைப்போ பக்கெட்டோ எது கெடைக்குதோ அதால ஒடம்பு முழுக்க தண்ணிய ஊத்திட்டே ஃபேன் அடிங்க, கழுத்து அக்குள் தொடை இடுக்குல ஐஸ் வைங்க. ஆம்புலன்ஸ் வந்து பொறுப்பெடுக்கற வரைக்கும் நிறுத்தாதீங்க. நெனவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாரசிட்டமால் குடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, மாத்திரையால இறங்காது. தனியா விட்டுட்டு எங்கயும் போகாதீங்க.

புத்தி தெளிவா இருந்து தலைவலி, குமட்டல், களைப்பு, அதிக வேர்வைன்னு இருந்தா அது ஹீட் எக்ஸாஸ்ஷன். படுக்க வெச்சு, குளிர வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுத்து கூடவே உக்காந்திருங்க, தேறலன்னா இல்ல பேச்சு மாறுனா உடனே மேல சொன்னதுதான். அன்னிக்கு திரும்ப வேலைக்கு அனுப்பவே கூடாது.

சூட்டோட சூட்டா ஜில் தண்ணி பட்டா ஷாக் ஆயிடும்னு சொல்றாங்களே?

சூட்டுல தவிக்கறவங்களுக்கு ஜில் தண்ணி குடுக்கலாம், மேல ஊத்தலாம். இந்த பயத்துனால சும்மா ஈரத்துணில மொகத்தைத் தொடச்சு விட்டுட்டு வேடிக்கை பாக்கறதுதான் ஆபத்து.

வருஷக்கணக்கா சூட்டுல வேலை செஞ்சா பின்னாடி ஏதாவது வருமா?

கிட்னி. மத்திய அமெரிக்கால எல் சால்வடோர், நிகராகுவா பக்கம் கரும்பு வெட்டற இளவயசு ஆளுங்களுக்கு சர்க்கரையும் இல்லாம பிரஷரும் இல்லாம கிட்னி கெட்டுப்போனதைப் பாத்துதான் உலகம் இதை கவனிக்க ஆரம்பிச்சுது. தினமும் தண்ணி வத்தி, தசை நொந்து, கிட்னி கொஞ்சம் கொஞ்சமா அடிவாங்குது. நிகராகுவால ஒரு கரும்பு ஆலைல நிழல்ல ரெஸ்ட் எடுக்கற நேரத்தைக் கூட்டுனப்புறம் கிட்னி பாதிப்பு குறைஞ்சதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. மூத்திரம் அடர் மஞ்சளா, டீ கலர்ல போனா விட்டுடாதீங்க, டாக்டரப் பாருங்க.

சட்டத்துல இத்தனை டிகிரிக்கு மேல வேலை கூடாதுன்னு இருக்கா?

நாட்டுக்கு நாடு வேற. கத்தார்ல 2021லேர்ந்து டபிள்யூபிஜிடி 32.1ஐத் தாண்டுனா வெளிவேலைய நிறுத்தணும், அது போக ஜூன் 1லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலைல 10லேர்ந்து மத்தியானம் 3.30 வரைக்கும் திறந்தவெளி வேலைக்குத் தடை. ஸ்பெயின்ல உக்காந்து செய்யற வேலைக்கு கட்டடத்துக்குள்ள 27 டிகிரிதான் உச்சம். ஜெர்மனில 26, 30, 35னு மூணு படி, 35ஐத் தாண்டுனா தனி ஏற்பாடு பண்ணாம அந்த ரூமை வேலைக்கே பயன்படுத்தக்கூடாது. பிரிட்டன்ல இவ்ளோதான்னு மேல் வரம்பே கிடையாது. எந்த நாட்டுல இருந்தாலும் சட்டத்துல நம்பர் இல்லங்கறதால ஆபத்து இல்லன்னு ஆயிடாது.

ஹீட் ஸ்ட்ரோக் வந்து பிழைச்சவங்க எப்ப திரும்ப வரலாம்?

டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தப்புறம்தான், அதுவும் மொத நாள்லேர்ந்து பழக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. கொஞ்ச நாளைக்கு அவங்க ஒடம்பு சூட்ட முன்ன மாதிரி தாங்காது. அவங்க வர்றதுக்கு முன்னாடி, அன்னிக்கு விழுந்த எடத்துல என்ன சூடு இருந்துச்சு, எத்தனாவது நாள் வேலை, கடைசியா எப்ப ரெஸ்ட் எடுத்தாங்க, பக்கத்துல தண்ணி இருந்துச்சான்னு எழுதி வெச்சு, அதுல எது குறையோ அதை சரி பண்ணிட்டு அப்புறம் கூப்பிடுங்க.